பழைய நூதனசாலையை இடித்துப் புதிதாகக் கட்டலாமா?

கேள்வி இதுதான். மட்டக்களப்பு நகரில் நூறு வருடம் தாண்டிய ஓட்டுக் கட்டடம் ஒன்றில் சிறிய நூதனசாலை நடக்கிறது. சுவர் வெடித்திருக்கிறது, மாரியில் கூரை ஒழுகுகிறது. இதை இடித்துவிட்டு மூன்று மாடியில் கண்ணாடியும் கொங்கிறீட்டுமாக நவீனக் கட்டடம் எழுப்பலாமா? எழுப்புவதென்றால் எங்கே பிழைக்கும்?

இடிப்பதா வேண்டாமா என்பதைக் கடைசியில் முடிவெடுங்கள். முதலில் முடிவாக வேண்டியது, உள்ளே இருக்கும் பொருள்கள் அடுத்த இரண்டு மூன்று வருடம் எங்கே இருக்கும், அதன் பிறகு எந்த அறையில், எந்த ஈரப்பதனில் இருக்கும் என்பது. வெளிமுகத்தின் படத்தை வரைந்துவிட்டு, பொருள்களை அதற்குள் எப்படியாவது திணிக்கலாம் என்று நினைத்துத்தான் பெரும்பாலான புதிய நூதனசாலைகள் கெட்டுப்போகின்றன.

அதற்கு முன் பழைய சுவரைப் பார்க்க வேண்டும். "கட்டடம் செத்துப்போச்சு" என்று சொல்லப்படும் இடங்களில் பாதிக்கு மேல் சுவர் சாகவில்லை, மூச்சுத்தான் அடைபட்டிருக்கிறது. நம்முடைய பழைய சுவர்கள் முருகைக்கல்லோ செங்கல்லோ வைத்துச் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியவை. தடிப்பு ஒன்றரை அடி முதல் இரண்டு அடி வரை. மட்டக்களப்பு நகரின் புளியந்தீவு போல நாலு பக்கமும் வாவி சூழ்ந்த இடத்தில் நிலத்தடி நீர் மிக மேலே நிற்கும். அது சுவர் வழியே ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும், உப்பும் மேற்பரப்பில் வெள்ளையாகப் பூத்து உதிர்ந்துவிடும். வருடம் ஒருமுறை வெள்ளையடித்தால் போதும்.

பிறகு யாரோ நல்லெண்ணத்தில் அதன்மேல் சீமெந்து பூசுகிறார்கள், அதற்கு மேல் எமல்ஷன் அடிக்கிறார்கள். ஈரம் வெளியேற வழியில்லை. முன்பு இரண்டு அடியில் நின்றது நாலு அடிக்கு ஏறுகிறது. உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, சுவரின் முகத்தையே தள்ளிப் பெயர்க்கிறது. விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். நல்ல பூச்சு கல்போலக் கெட்டியாகக் கேட்கும்; பெயர்ந்தது பானையைத் தட்டியதுபோல் வெற்றொலி தரும். தரையிலிருந்து மூன்று நாலு அடி உயரத்தில் கிடையாக ஒரு பட்டைபோல வெற்றொலி ஓடினால் நோய் அடித்தளத்தில் இல்லை, பூச்சில். சீமெந்தை உரித்துவிட்டு சுவரை ஒரு கோடை முழுவதும் உலரவிட வேண்டும். உப்பைக் கடதாசிக் கூழ் பற்றுப்போட்டு இழுத்து எடுத்த பின்பு, ஒரு பங்கு ஊறிய சுண்ணாம்புக் களிக்கு இரண்டரை முதல் மூன்று பங்கு கழுவிய மணல் என்ற கணக்கில் பூசலாம். களி குறைந்தது மூன்று கிழமை ஊற வேண்டும், மூன்று மாதம் என்றால் மிக நல்லது. ஒரு பூச்சு 10 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமிலவாயுவை எடுத்து இறுகுவது. தடிப்பாக அப்பினால் வெளியே இறுகி உள்ளே மாவாகவே கிடக்கும். வறண்ட கச்சான் காற்று வீசும் நாட்களில் நனைத்த சாக்குக் கட்டாமல் பூசவே கூடாது, ஒரே நாளில் வெடித்துவிடும்.

பழைய சாந்தின் கலவையை அறிய ஒரு துண்டை நிறுத்து, ஐதான ஐதரோக்குளோரிக் அமிலத்தில் கரைத்து, மிஞ்சும் மணலைக் கழுவி உலர்த்தி நிறுப்பார்கள். இங்கே ஒரு பொறி உண்டு. கடற்கரை மணலில் சிப்பித் துகள் இருந்தால் அதுவும் அமிலத்தில் கரைந்துபோகும். கணக்கில் சுண்ணாம்பு கூடுதலாகக் காட்டும், அதை நம்பிக் கலந்தால் புதுப்பூச்சு சுருங்கி வெடிக்கும். அமிலத்தில் போடுமுன் சாந்தை உடைத்து, உருப்பெருக்கிக் கண்ணாடியில் சிப்பி தெரிகிறதா என்று பாருங்கள்.

இன்னொன்றும் கவனத்தில் இருக்கட்டும். 1988ஆம் ஆண்டின் கரையோரம் பேணல் திருத்தச் சட்டத்துக்குப் பிறகு கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ்வது தடை. புதிய கல் வாங்குவது எளிதல்ல. ஒரு முருகைக்கல் சுவரை இடித்துக் குப்பைக்கு அனுப்பினால், பக்கத்திலுள்ள அடுத்த பழைய கட்டடத்தைத் திருத்துவதற்கான கல்லையும் சேர்த்துத்தான் அனுப்புகிறீர்கள்.

வெடிப்பையும் அவசரப்பட்டு வாசிக்கக்கூடாது. வெடிப்பின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டைச் சாந்தால் ஒட்டி, திகதி எழுதி, ஒரு மாரியும் ஒரு கோடையும் விட்டுப் பாருங்கள். கண்ணாடி உடையவில்லை என்றால் அது எப்போதோ நடந்து முடிந்த அசைவு. 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்ட சுவர்கள் இவை. பழைய தழும்பு இருக்கத்தான் செய்யும். உடைந்தால், அதுவும் மாரியில் மட்டும் உடைந்தால், கூரைத் தண்ணீர் அத்திவாரத்தடியில் விழுகிறதா என்று முதலில் பாருங்கள். ஒரு பீலியும் ஒரு வடிகானும் தீர்த்துவைக்கிற பிரச்சினையாக அது இருக்கலாம். தூக்குக்குண்டு விட்டுப் பார்க்கையில் சாய்வு சுவர்த் தடிப்பின் ஆறில் ஒன்றைத் தாண்டினால் மட்டும் கட்டமைப்புப் பொறியியலாளர் பார்க்காமல் எதையும் தொடாதீர்கள். கூரையில் கைமரத்தின் நடுப்பகுதி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். சுவருக்குள் புதைந்த முனைதான் உக்கும். முதிரை, பாலை மரமென்றால் உக்கிய இரண்டடியை வெட்டிச் சரிவுமூட்டுப் போட்டு இணைக்க நல்ல ஓடாவி ஒருவர் போதும்.

சட்டத்தை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முற்பட்ட கட்டடங்களைப் பழஞ்சின்னமாகக் கொள்கிறது. நூறு வருடம் கடந்தவற்றைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக வர்த்தமானியில் அறிவிக்கவும் வழியுண்டு. ஆகவே முதல் கடிதம் தொல்பொருள் திணைக்களத்துக்கு. மாநகர சபைக்கும் நகர அபிவிருத்தி அதிகார சபைக்கும் அதற்குப் பிறகு போகலாம், காணி வாவிக்கரையில் என்றால் கரையோரம் பேணல் திணைக்களத்துக்கும் போக வேண்டும். போர்த்துக்கேயர் 1628இல் கோட்டை கட்டி, 1638இல் ஒல்லாந்தர் பிடித்த தீவு இந்தப் புளியந்தீவு. கோட்டையைச் சுற்றியுள்ள தெருக்களில் அத்திவாரம் தோண்டினால் பழைய ஓடும் பீங்கானும் வரக்கூடும். அதற்கான அகழ்வு நாட்களை வேலை அட்டவணையில் முன்கூட்டியே போட்டுவிடுங்கள்.

நவீனக் கட்டடம் என்றால் எனக்கு வெறுப்பில்லை. ஆனால் "புதியது நீடிக்கும்" என்ற நம்பிக்கைக்கு பிராங்க்பேர்ட் நகரத்து வரலாற்று நூதனசாலை ஒரு நல்ல பதில். அங்கே 1972இல் பெரிய கொங்கிறீட் கட்டடம் கட்டினார்கள். 2011இல் அதை இடித்தார்கள். 2017இல் திறந்த இன்றைய கட்டடம் சிவந்த மணற்கல்லும் சரிவுக் கூரையுமாக இருக்கிறது. நாற்பது வருடம் நிற்காத அந்தக் கொங்கிறீட்டுக்குப் பக்கத்தில், மத்திய காலத்துச் சால்ஹோப் கட்டடத் தொகுதி திருத்தப்பட்டு இன்னும் பாவனையில் இருக்கிறது. கியோட்டோ நகரக் கலைக்கூடம் வேறு வழியில் போனது. 1933ஆம் ஆண்டுக் கட்டடத்தை அப்படியே வைத்து, முன்வெளியைச் சரிவாக வெட்டி இறக்கி, நிலமட்டத்துக்குக் கீழே கண்ணாடி முகப்புள்ள புதிய வாசல் அமைத்து 2020இல் மீண்டும் திறந்தார்கள். அழகான யோசனை. ஆனால் நமக்குப் பொருந்தாது. மட்டக்களப்பு மண்ணில் ஆறடி தோண்டினால் தண்ணீர். நிலக்கீழ் அறை என்பது மாரிக்கு மாரி பம்பு வைத்து இறைக்கும் குளம். கியோட்டோவில் கீழே போனது இங்கே பின்னால் போக வேண்டும்: பழைய கட்டடம் முன்னே காட்சிக்கூடமாக நிற்க, பின்வளவில் புதிய கட்டடம் எழும்பி, களஞ்சியமும் ஆய்வு அறையும் அலுவலகமும் அதில் இருக்கட்டும். பெரும்பாலான ஊர் நூதனசாலைகளுக்கு நான் சொல்லும் விடை இதுதான். ஏனென்றால் பழைய கட்டடத்தால் உண்மையில் முடியாத காரியம் ஒன்றே ஒன்று: ஈரப்பதனைக் கட்டுக்குள் வைத்திருப்பது. அது களஞ்சியத்துக்குத்தான் தேவை. கூடம் முழுவதற்கும் இல்லை.

எந்த வழியானாலும் முதல் வேலை பதிவேடு. ஒவ்வொரு பொருளுக்கும் இலக்கம், அளவு, நாலு பக்கப் படம், இப்போதுள்ள சேதம், இப்போது இருக்கும் இடம், போகப்போகும் இடம். ஏட்டுச்சுவடி என்றால் ஏட்டு எண்ணிக்கையும் துளைகளின் எண்ணிக்கையும். இடமாற்றத்தில் காணாமல்போகும் பொருள்களில் அதிகமானவை களவு போனவையல்ல. இலக்கமில்லாத பெட்டிக்குள் போனவை. பெட்டியில் தினசரிக் கடதாசி சுற்ற வேண்டாம், அமிலம் ஏறும். வெளுக்காத, நன்றாகத் துவைத்து உலர்த்திய பருத்தித் துணி போதும். கூத்து உடுப்பைத் தட்டையாக மடிக்கவே கூடாது. வடமோடிக் கூத்தின் கரப்புடுப்புக்கு உள்ளே சட்டம் இருக்கிறது. அது நிற்கிற வடிவத்திலேயே கூடு செய்து கொண்டுபோக வேண்டும். முடி, புயக்கட்டை, மார்ப்பதக்கம் போன்ற மென்மர அணிகளில் உளு இருக்கிறதா என்று பார்க்க, கறுப்புத் தாளின்மேல் இரண்டு கிழமை வையுங்கள். தாளில் மா விழுந்தால் பூச்சி உயிரோடு இருக்கிறது. துணியையும் வர்ணம் பூசாத மரத்தையும் காற்றுப்போகாத பொலித்தீனில் சுற்றி, பூச்சியத்துக்குக் கீழே 20 பாகைக் குளிரில் இரண்டு கிழமை உறையவைத்துப் பூச்சியைக் கொல்லலாம். கண்ணாடித்துண்டு ஒட்டியதையும் வர்ணம் பூசியதையும் அப்படிச் செய்யாதீர்கள், ஒட்டு விட்டுப்போகும்.

இடித்தேயாக வேண்டும் என்று ஆகிவிட்டால், இடிக்குமுன் 1:50 அளவில் முழு வரைபடமும், கதவு, யன்னல், தூண்தலை, கூரை முடிச்சுகளுக்கு 1:5 விபரப்படமும் எடுக்க வேண்டும். கழற்றும் மரத்துக்கெல்லாம் தகரத்தில் இலக்கம் அடித்து ஆணியால் அறையுங்கள். சோக்கால் எழுதினால் முதல் மழையில் போய்விடும்.

பழையதை வைத்துக்கொண்டு பக்கத்தில் கட்டும்போது அத்திவாரம்தான் ஆபத்தான கட்டம். பழைய சுவரின் அத்திவாரம் இரண்டு மூன்று அடி ஆழத்தில், மணலில் இருக்கும். பக்கத்தில் அடித்திறக்கும் பைல் (நிலத்துக்குள் ஆழமாக இறங்கும் அத்திவாரத் தூண்) போட்டால் அதிர்வில் மணல் இறுகும், சுவர் இறங்கும். ஜேர்மன் நியமம் ஒன்று பழஞ்சின்னங்களின் அத்திவாரத்தில் குறைந்த அதிர்வெண்ணில் நொடிக்கு 3 மி.மீ. அதிர்வுவேகத்தை எல்லையாக வைக்கிறது. அதை ஒப்பந்தத்தில் எழுதி, அளவிடும் கருவியையும் வைக்கச் சொல்லுங்கள். துளையிட்டு வார்க்கும் பைலோ, மண் தாங்குமென்றால் பரந்த தட்டு அத்திவாரமோ பாதுகாப்பு. அதிர்வைவிடவும் சத்தமில்லாத ஆபத்து ஒன்று இருக்கிறது. குழியில் வரும் தண்ணீரை இரவுபகலாக இறைப்பார்கள். சுற்றுவட்டத்து நீர்மட்டம் இறங்கும். நீர் தாங்கிக்கொண்டிருந்த மணல் அமுங்கும். மூன்றாம் கிழமை பழைய சுவரில் மூலைவாட்டில் வெடிப்பு ஓடும். ஆகவே குழிவேலை ஓகஸ்ட், செப்டெம்பரில், நீர்மட்டம் தானாகவே தாழ்ந்திருக்கும்போது. இறைப்பு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

கொங்கிறீட்டில் நம் கரையோரத்தின் எதிரி உப்பு. மழையில் குவிந்துகிடக்கும் கம்பியில் கடற்காற்று உப்பு ஏறும். கழுவித் தேய்க்காமல் வார்த்தால் உப்பை உள்ளே வைத்துப் பூட்டியதுபோலாகும். கறள் பிடித்த இரும்பு தன் பருமனைப்போல் இரண்டு முதல் ஆறு மடங்கு வரை வீங்கும், கொங்கிறீட் தாங்காது. முதலில் வெடிப்பது யன்னல் மேல் நிழற்தட்டின் அடிவிளிம்பு. எங்கள் ஊர்ப் பாடசாலைகள், வாடிவீடுகள் எதைப் பார்த்தாலும் அங்கேதான் கம்பி தெரியும். காரணம், மெல்லிய தட்டில் கம்பியை மேலே நிறுத்தாமல் மேசன் காலால் மிதித்துக் கீழே விட்டது. வெளிமுகமெங்கும் கம்பிக்கு மேல் 50 மி.மீ. கொங்கிறீட் மூடல், அதைத் தாங்கச் சரியான உயரத்தில் வார்த்த சீமெந்துக் கட்டைகள், தண்ணீர்-சீமெந்து விகிதம் 0.45க்கு மேல் இல்லை, ஏழு நாள் குறையாமல் நனைத்த சாக்கு. கலவை இறுக்கமாக இருக்கிறதென்று ஒரு வாளி தண்ணீர் ஊற்றுபவரை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். கட்டடத்தின் ஆயுளில் பல வருடம் அந்த ஒரு வாளியில் போகிறது.

இனிக் கண்ணாடி. மட்டக்களப்பு வடக்கே ஏழே முக்கால் பாகையில் இருக்கிறது. ஏப்ரல் முற்பகுதியிலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் சூரியன் நேர் உச்சிக்கு வரும். உச்சி வெயிலைச் சிறு தாழ்வாரமே மறைத்துவிடும். கொல்வது காலை வெயிலும் மாலை வெயிலும். மாலை நாலு மணிக்கு வெயில் ஏறத்தாழ 30 பாகைச் சரிவில் வரும். மேற்கு நோக்கிய பத்தடி உயரக் கண்ணாடியை அந்த வெயிலிலிருந்து மறைக்க 17 அடி நீட்டிய கூரை வேண்டும். யாரும் அப்படிக் கட்டப்போவதில்லை. ஆகவே கிழக்கிலும் மேற்கிலும் கண்ணாடிச் சுவர் வேண்டாம். வடக்கிலும் தெற்கிலும், எட்டடி விறாந்தைக்குப் பின்னால் வைக்கலாம். சுவடிக்கும் துணிக்கும் தாங்கக்கூடிய ஒளி 50 லக்ஸ்தான் (லக்ஸ் என்பது ஒளியை அளக்கும் அலகு). வெளியே வெயில் 50,000 லக்ஸைத் தாண்டும். ஒரு கண்ணாடிச் சுவரைக் கட்டிவிட்டு அதற்குத் திரை தைப்பது இரட்டைச் செலவு.

குளிரூட்டியைப் பற்றி இதைவிட அழுத்திச் சொல்ல வேண்டும். காலை எட்டு முதல் மாலை நாலு வரை மட்டும் ஓடும் ஏசி, ஏசியே இல்லாத அறையைவிடப் பொருள்களுக்குக் கெடுதல். வெளியே 30 பாகை, ஈரப்பதன் 75 வீதம் என்று வையுங்கள். அந்தக் காற்றின் பனிபடுநிலை, அதாவது அதிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 25 பாகை. நாள் முழுக்க 22 பாகையில் குளிர்ந்த செப்புத்தட்டின்மேல், நாலு மணிக்கு ஏசியை நிறுத்தியதும் நுழையும் வெளிக்காற்று பட்டால், குளிர்ச்சோடாப் போத்தல் வியர்ப்பதுபோல வியர்க்கும். தினம் ஒருமுறை நனைந்து உலரும் வெண்கலத்தில், உள்ளே குளோரைட்டும் இருந்தால், வெளிர்பச்சை மாவு பூக்கும். மரம் தினம் வீங்கிச் சுருங்கும், வர்ணம் செதிலாகும். இரவுபகல் ஓட்டக் காசும் பிறப்பாக்கியும் இருந்தால் மட்டும், அதுவும் களஞ்சியத்துக்கு மட்டும் குளிரூட்டுங்கள். 25, 26 பாகையில், ஈரப்பதன் 55 முதல் 60 வீதத்தில் அசையாமல். மற்றக் கூடங்களுக்கு உயர்ந்த கூரை, குறுக்குக் காற்று, மெதுவாக ஓடும் விசிறி. ஈரப்பதன் 70 வீதத்தைத் தாண்டும் மாரி மாதங்களில் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்கக் காற்று ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சுவரோடு ஒட்டி அலுமாரி வைக்காமல் நாலு அங்குலம் இடைவெளி விடுங்கள்.

குளிரூட்டிக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2018 செப்டெம்பர் 2 இரவு றியோ டி ஜெனெய்ரோவின் தேசிய நூதனசாலை எரிந்தது. தீ குளிரூட்டி ஒன்றில் தொடங்கியதென்று விசாரணை சொன்னது. வெளியே இருந்த தீயணைப்புக் குழாய்களில் போதிய தண்ணீர் வரவில்லை. பழைய கட்டடத்தில் ஏசி பூட்டுவதென்றால் ஒவ்வொன்றுக்கும் பிரதான பலகையிலிருந்து தனி வயர், தனி பிரேக்கர். பழைய விளக்கு வயரில் ஒருபோதும் கொழுவாதீர்கள். சொந்த நீர்த்தொட்டியும் பம்பும் வளவுக்குள்ளேயே இருக்க வேண்டும்.

களஞ்சியம் கீழ்மாடியில் இருக்கவே கூடாது. 2004 சுனாமியில் காலியில் கடல்சார் தொல்லியல் பிரிவின் ஆய்வுகூடம் அடிபட்டுப் போனது. 1659இல் மூழ்கிய ஒல்லாந்தரின் அவொன்ஸ்டர் கப்பலிலிருந்து எடுத்துப் பல வருடம் பாதுகாத்த பொருள்களில் பல அதனோடு போயின. இங்கே 2011 ஜனவரி வெள்ளம் எந்த மட்டத்தில் நின்றது என்று பக்கத்து வீட்டுச் சுவரைக் கேட்டாலே சொல்லும். தரைமட்டம் அதற்கு மேலே இரண்டடி, களஞ்சியம் முதலாம் மாடியில். அதனால் அந்தத் தட்டின் சுமை கூடும்: காட்சிக்கூடத் தட்டுக்குச் சதுர மீற்றருக்கு 500 கிலோ என்று வடிவமைத்தால் போதும், நெருக்கி அடுக்கும் நகரும் இறாக்கைகளுக்கு 1,000 கிலோ வேண்டும். பின்னால் மாற்ற முடியாத எண் இது. பரப்பளவில் காட்சிக்கு எவ்வளவோ அவ்வளவு களஞ்சியத்துக்கும் கொடுங்கள். மேலே குளியலறையோ தண்ணீர்த் தாங்கியோ வரக்கூடாது. மட்டக் கூரை வேண்டாம். 30 பாகைச் சரிவில் ஓடு, சூறாவளிக்குத் தாங்க ஒவ்வொரு கைமரமும் சுவரின் மேல் சுற்றிவரும் வளையத்தோடு இரும்புப் பட்டியால் கட்டியதாக. தோணி ஒன்றோ, கொம்புமுறி விளையாட்டின் கொம்புத்தேரோ சேகரிப்பில் வரக்கூடுமென்றால் கீழ்க்கூடத்துக்கு எட்டடி அகலக் கதவும், திருப்பமில்லாத நேர்வழியும் வரைபடத்திலேயே இருக்கட்டும். கட்டி முடித்தபின் தோணியை அறுத்துக் கொண்டுபோக முடியாது.

திறப்பு விழாத் திகதிதான் கடைசி ஆபத்து. புதுக் கொங்கிறீட்டும் பூச்சும் மாதக்கணக்கில் ஈரத்தையும் காரத்தூசியையும் கக்கும். புதுப் பலகை, எம்.டி.எப். (மரநாரை ஒட்டி அழுத்திய பலகை) அலுமாரிகளிலிருந்து அசற்றிக் அமில ஆவி வரும். அது ஈயத்தையும் சங்கு சிப்பியையும் அரிக்கும். அலுமாரி மாவுப்பூச்சுச் செய்த இரும்பாக இருக்கட்டும். வெறும் கட்டடத்தில் ஈரப்பதன்மானிகளை வைத்து ஒரு முழு மாரியை அளந்து பாருங்கள். ஒக்டோபர் தொடங்கி ஜனவரி முடியும் வரை களஞ்சிய மானி 65 வீதத்தைத் தாண்டாமல் நின்றால் பெப்ரவரியில் பொருள்களை ஏற்றத் தொடங்கலாம்: முதலில் கல்லும் மட்பாண்டமும், பிறகு உலோகம், பிறகு மரம், கடைசியாகத் துணியும் சுவடியும்.